சாப்பாட்டு ராமன்: ஒரு சொல்லின் கதை

கல்கத்தாவின் தென்பகுதியில், லேக் மார்க்கெட்டை ஒட்டிய தெருக்களில், தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அத்தகைய தெரு ஒன்றில், அடுத்த வீட்டு வங்காள அம்மையார் ஒரு நாள் எம் அன்னையாரை உணவுக்கு அழைத்தார். நாமும் உடன் சென்றிருந்தோம். வங்காளியர் விருந்து கசப்பில் தொடங்கி இனிப்பில் முடியும். முதலில் இலைக்கு வந்தது சுக்தோ. பாகற்காய், வாழைக்காய், கத்தரி, முருங்கை முதலியன சேர்த்து ஆக்கும் கசப்புக் கூட்டு அது. அன்னையார் ஒரு வாய் உண்டார், சற்றே நிறுத்தினார், மறுவாய் உண்டார். பிறகு எம்மிடம், "இதில் ஓமம் போல ஒன்று போட்டிருக்கிறார்கள், ஆனால் ஓமம் இல்லை. இறக்கும்போது பால் விட்டிருக்கிறார்கள். கேட்டுச் சொல்" என்றார். நாம் கேட்டோம். அந்த அம்மையார் வியந்து போனார். ஓமத்துக்கு உறவான அந்த விதைக்கு ராந்துனி என்று பெயர்; பால் விட்டதும் உண்மையே. "உங்கள் அம்மா உண்மையான போஜன ரசிக்" என்று மகிழ்ச்சியோடு கூறினார்.

"என்ன சொல்கிறார்?" என்று அன்னையார் கேட்டார். அச்சொல்லுக்கு நேரான தமிழ் அந்த நொடியில் எமக்குத் தோன்றவில்லை. நாவில் வந்ததைச் சொல்லிவிட்டோம்: "சாப்பாட்டு ராமன் என்கிறார்."

அன்னையார் சிரித்தார். ஆனால், இரண்டாம் முறை சுக்தோ பரிமாற வந்தபோது கையால் இலையை மறைத்து, "போதும்" என்றார்.

அன்று நாம் செய்த பிழை மொழிபெயர்ப்புப் பிழை என்றே நெடுநாள் எண்ணியிருந்தோம். உணவை அறிந்து, விரும்பி, நயந்து உண்பவரைக் குறிக்கத் தமிழில் என்ன சொல் உண்டு என்று தேடப் புகுந்தபோதுதான், பிழை எம்முடையது மட்டுமன்று என்பது புலப்பட்டது.

தமிழில் இத்தகைய சொற்களுக்குப் பஞ்சமில்லை. பெருந்தீனிக்காரன், தின்னி, பெருந்தின்னி எனப் பல உண்டு. உழைக்காமல் உண்பவனுக்குத் தண்டச்சோறு என்று பெயர். இவை யாவும் வசைகளே. இவற்றினிடையே சற்றுச் சிரிப்போடு நிற்பது சாப்பாட்டு ராமன் ஒன்றுதான். மலையாளத்திலும் அது ஷாப்பாட்டுராமன் என்று வழங்குகிறது. தெலுங்கரும் கன்னடியரும் திண்டிபோத்து, திண்டிபோத்த என்பர். அவற்றிலும் ஏளனமே மிகுதி. தில்லிவாழ் அன்பர்கள் சட்டோரா என்னும் இந்திச் சொல்லை அறிவார்கள். நக்குதல் என்னும் வினையிலிருந்து பிறந்த அதற்குச் சட்டோரி என்று பெண்பாலும் உண்டு. இதனை ஈண்டுக் குறித்து வைத்துக்கொள்வோம், பின்னர் வேண்டியிருக்கும்.

சாப்பாட்டு ராமன் என்னும் தொடர் பழந்தமிழ் அன்று. சாப்பிடு என்னும் வினையே சங்க நூல்களில் இல்லை. அங்கே உண்டல், தின்றல், அருந்தல், பருகல், மாந்தல், துய்த்தல் எனப் பல உண்டு. மெல்ல வேண்டியது, விழுங்க வேண்டியது, குடிக்க வேண்டியது எனப் பொருளுக்குத் தக்க சொல்லை இட்டு வழங்கினர். அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டுச் சாப்பிடு என்னும் பிற்காலச் சொல் எல்லாவற்றுக்கும் பொதுவாக வந்து அமர்ந்துகொண்டது. இத்தொடரும் அதன் பின் பிறந்ததே.

இதில் இராமன் வந்து சேர்ந்தது பெரியதொரு விந்தை. இராம காதையில் பதினான்கு ஆண்டுகள் காயும் கனியும் கிழங்கும் உண்டு காட்டில் வாழ்ந்தவன் அவன். பேருண்டிக்குப் பெயர் வேண்டுமாயின் பாரதத்தில் வீமன் இருக்கிறான். ஓநாயின் வயிறுடையவன் என்று பொருள்படும் விருகோதரன் என்னும் பெயரே அவனுக்கு உண்டு. அவனை விட்டுவிட்டு இராமனைப் பிடித்தது மக்கள் வழக்கு. ஊருக்குப் பத்துப் பேர் இராமன் என்ற பெயருடையவராக இருந்தமையால், ஏதோ ஓர் ஆளைக் குறிக்கும் பொதுப்பெயராக அது இங்கே நின்றது என்று கொள்வதே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. மேலைநாட்டிலும் இத்தகைய அநீதி ஒன்று நடந்திருக்கிறது. எபிகூரஸ் என்னும் கிரேக்க ஞானி (கி.மு. 341-270) ரொட்டியும் தண்ணீரும் கொண்டு நிறைவடைந்தவர், நண்பர் ஒருவருக்கு எழுதும்போது, விருந்துண்ண விரும்பும் நாளில் உண்பதற்காகச் சிறிது பாலாடைக்கட்டி அனுப்பும்படி கேட்டவர். அவர் பெயராலேயே இன்று ஆங்கிலத்தில் நாவின்பம் நாடுவோரை எபிக்யூர் என்கின்றனர். காய்கனி உண்டவனும் ரொட்டி உண்டவரும் இவ்வாறு இரு மொழிகளில் பெருவிருந்துக்காரர் ஆயினர்.

இனி, சங்க காலத்துக்குச் செல்வோம். அங்கே உண்பதற்கு வெட்கமே இல்லை. முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையில், கரிகாலன் அவைக்குச் சென்ற பொருநன் அங்குத் தான் உண்ட கதையைத் தானே சொல்கிறான். இரவும் பகலும் இறைச்சி தின்றதால் அவன் பற்கள் கொல்லை உழுத கொழுவைப் போலத் தேய்ந்து போயினவாம். இதைச் சொல்லும்போது அவன் நாணவில்லை, கேட்பவனும் நகைக்கவில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையோ ஒரு நீண்ட உணவுப் பயணம் என்றே கூறத்தக்கது. எயினர் குடியில் என்ன கிடைக்கும், ஆயர் குடியில் என்ன, உழவர் மனையில் என்ன, வலைஞர் சேரியில் என்ன என்று பாணனுக்கு வழி சொல்லும்போதே இலையையும் விரித்துக் காட்டுகிறார் புலவர். அந்தணர் இல்லத்தில் வெண்ணெயில் வெந்த மாதுளங்காயும், அதில் தூவிய மிளகும் கறிவேப்பிலையும், மாவடு ஊறுகாயும் வருகின்றன. கறிவேப்பிலையும் மாவடுவும் அன்றே நம் இலைக்கு வந்துவிட்டன என்பதை எண்ணும்போது மனம் குளிர்கிறது.

சிறுபாணாற்றுப்படை இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. நல்லியக்கோடன் பாணர்க்கு அளித்த உணவு, அருச்சுனனின் தமையனாகிய வீமன் இயற்றிய நுண்ணிய சமையல் நூலின் நெறி வழுவாதது என்கிறார் நல்லூர் நத்தத்தனார். சமையல் என்பது நூலாக எழுதத்தக்க கலை என்ற எண்ணம் தமிழரிடம் அன்றே இருந்தது.

ஆனால் அந்நூலிலேயே மற்றொரு காட்சியும் உண்டு. விருந்துக்குப் புறப்படும் முன் பாணனின் வீடு எவ்வாறு இருந்தது? கண் திறவாத குட்டிகளை ஈன்ற நாய் அடுப்பங்கரையில் குரைக்கிறது. இடையிலே பசி முற்றிய அவன் மனைவி குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி வந்து, உப்பும் இன்றி வேகவைக்கிறாள். அறியாதவர் பார்த்து நகைப்பரே என்று நாணிக் கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். ஆற்றுப்படை நூல்களின் பெருவிருந்துகளை நாம் வாய் ஊறப் படிக்கிறோம்; அவ்விருந்துகளின் பின்னால் சாத்திய அக்கதவு இருப்பதை மறந்துவிடுகிறோம்.

அக்கதவுதான் தமிழில் உணவைப் பற்றிய சொற்களின் போக்கைத் தீர்மானித்தது என்பது எம் கருத்து. பசி எப்போதும் அருகில் இருக்கும் நாட்டில், புகழ் உண்பவனைச் சேராது, ஊட்டுபவனையே சேரும். புறநானூற்றில் குடபுலவியனார் பாண்டியனுக்கு உரைப்பது இதுவே: உணவு கொடுத்தவர் உயிர் கொடுத்தவர். அதே கருத்து மணிமேகலையில் மீண்டும் ஒலிக்கிறது. விருந்தோம்பல் என்பதற்குத் திருக்குறளில் ஓர் அதிகாரமே உண்டு. உண்பவனுக்கு வள்ளுவர் தரும் இடமோ மருந்து என்னும் அதிகாரத்தில்! அங்கே அளவின்றி உண்பவனுக்குக் கழிபேரிரையான் என்று பெயர். விலங்குக்கும் பறவைக்கும் உரிய இரை என்னும் சொல்லை மனிதன் மேல் ஏற்றி, ஒரே சொல்லால் அவனைத் தொழுவத்தில் கட்டிவிடுகிறார்.

மணிமேகலையில் பேருண்டி ஒரு நோயாகவே வருகிறது. விருச்சிக முனிவர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை உண்பதற்காக வைத்திருந்த நாவற்கனியைக் காயசண்டிகை என்னும் விஞ்சை மகள் அறியாது காலால் சிதைத்துவிடுகிறாள். அவர் இட்ட சாபத்தால் யானைத்தீ என்னும் தீராப்பசி அவளைப் பற்றுகிறது. எவ்வளவு உண்டாலும் ஆறாத அப்பசி, ஆதிரை முதற்பிச்சையிட்ட அமுதசுரபியிலிருந்து மணிமேகலை வழங்கிய உணவாலேயே தீர்கிறது. ஊட்டுபவள் தெய்வத்தன்மை பெறுகிறாள், உண்பவள் நோயாளி. சாபம் பெற்றவளும், முதற்பிச்சை இட்டவளும், அமுதசுரபி ஏந்தியவளும் ஆகிய மூவரும் பெண்கள் என்பதையும் இங்கே நோக்க வேண்டும்.

பிற்காலத்திலும் இந்நிலை மாறவில்லை. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டது 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சம். 1877-இல் இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று அளந்தார். சென்னையின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் அது உயிர் தாங்கப் போதாது என்று வாதாடினார். சோற்றை எடைக்கல்லில் வைத்து ஒரு மனிதனின் உயிரோடு ஒப்பிட்ட காலம் அது. அதற்குப் பத்தாண்டுகள் முன்னரே, 1867-இல், வள்ளலார் வடலூரில் தருமச்சாலை கண்டு அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு இன்றும் அணையவில்லை. இத்தகைய மண்ணில் ஒருவன், "இந்தக் குழம்பில் பெருங்காயம் ஒரு மாற்றுக் குறைவு" என்று நயம் பேசினால், ஊர் அவனை வையாது, ஆனால் சிரிக்கும். அச்சிரிப்புக்குச் சாப்பாட்டு ராமன் என்று பெயரிட்டது.

இவ்வாறு காரணம் கண்டு மகிழ்ந்திருந்த வேளையில், எம் கொள்கையை வங்காளமே குலைத்தது. பசி காரணமாகத்தான் தமிழில் மதிப்புச் சொல் பிறக்கவில்லை என்றால், வங்காளத்தில் மட்டும் போஜன ரசிக் எவ்வாறு பிறந்தது? 1943-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் வங்காளத்தில் மாண்டோர் 20 லட்சம் முதல் 30 லட்சம் வரை என்று மதிப்பிடுகின்றனர். கல்கத்தாத் தெருக்களில் அன்று எழுந்த குரல் சோறு கேட்கவில்லை. "ப்யான் தாவ்" என்று வடித்த கஞ்சியைக் கேட்டது. நாம் குடியிருக்கும் இத்தெருக்களிலேயே அக்குரல் கேட்டிருக்கும். அந்தப் பசிக்குப் பின்னும் வங்காளி போஜன ரசிக் என்பதைத் தலைநிமிர்ந்தே சொல்கிறான். பெருந்தீனிக்காரனுக்கு அவன் வைத்திருக்கும் சொல் வேறு: பேட்டுக். வயிற்றால் உண்பவன் பேட்டுக்; அறிவால் உண்பவன் போஜன ரசிக். நம்மிடம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ராமன்தான்.

ரசிகன் என்னும் சொல்லின் பிறப்பைப் பார்த்தால் இதன் சூட்சுமம் சிறிது விளங்கும். ரசம் என்பதைப் பரத முனிவர் நாட்டிய சாத்திரத்தின் ஆறாம் இயலில் விளக்கும்போது சமையலறையைத்தான் எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். பலவகைக் கறிகளும் மசாலைகளும் சேர்ந்த உணவை நன்மனம் உடையோர் உண்டு சுவைத்து மகிழ்வது போல, பாவங்களும் அபிநயங்களும் சேர்ந்த நாடகத்தைக் காண்போர் சுவைத்து மகிழ்கின்றனர் என்பது அவர் கூற்றின் சாரம். ஆகவே ரசிகன் முதலில் இலையின் முன் அமர்ந்திருந்தவன். பிறகே அரங்கின் முன் சென்று அமர்ந்தான். வங்காளியர் அவனை மறுபடியும் இலைக்கே அழைத்து வந்துவிட்டனர்.

தமிழிலும் சுவை என்னும் ஒரே சொல் இரண்டிடத்தும் நிற்கிறது. நாவுக்கு அறுசுவை, நாடகத்துக்கு ஒன்பான் சுவை. ஆனால் சுவைஞர் என்றால் கவிதை நயம் அறிந்தவர் என்றுதான் பொருள் கொள்கிறோம். ரசிகமணி என்று தமிழுலகம் போற்றிய டி.கே.சிதம்பரநாத முதலியாரை (1882-1954) நினைத்துப் பாருங்கள். அவருடைய குற்றால இல்லத்து விருந்தின் சுவையை எழுதாத எழுத்தாளர் அக்காலத்தில் குறைவு. கம்பன் கவியை ஊட்டிய அதே கையால் தோசையையும் ஊட்டியவர் அவர். எனினும் ரசிகமணி என்னும் பட்டம் கவிக்காக மட்டுமே. இலைக்கு அதில் பங்கில்லை. சொல்லும் இருந்தது, பொருளும் இருந்தது. இரண்டையும் சேர்த்து வைக்கத்தான் நாம் மனங்கொள்ளவில்லை.

இகழ்ச்சிச் சொல் புகழ்ச்சிச் சொல்லாக மாறுவது அருமையும் அன்று. பிரெஞ்சு மொழியில் கூர்மோன் என்பவன் பெருந்தீனிக்காரன்; பேருண்டி கத்தோலிக்கத் திருச்சபை வகுத்த ஏழு தலையாய பாவங்களுள் ஒன்று. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின், பிரபுக்களின் அரண்மனைகளில் வேலை இழந்த சமையற்காரர் பலர் பாரிஸ் தெருக்களின் உணவு விடுதிகளுக்கு வந்தனர். கையில் புதுப்பணம் கொண்ட கூட்டத்தினர் அங்கே உண்ண வந்தனர். ஆனால் எதை எங்கே உண்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கிரிமோ த லா ரேனியேர் என்பவர் 1803-இல் கூர்மோன்களுக்கென்றே ஓர் ஆண்டுமலர் வெளியிடத் தொடங்கினார். பாவியின் பெயர் அதன் அட்டையிலேயே பெருமையோடு ஏறிவிட்டது. பிரியா சாவரின் 1825-இல் சுவையைப் பற்றிய தம் நூலை வெளியிட்டு அதற்குத் தத்துவ அந்தஸ்தும் அளித்தார். முன்னர் மதுவைச் சுவைத்துத் தரம் பார்க்கும் தரகரைக் குறித்த கூர்மே என்னும் சொல் பிறகு உணவறிஞனுக்கு ஆயிற்று. 1980-களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பிறந்த ஃபூடி என்னும் சிறு சொல் இன்று நம் வீட்டுப் பிள்ளைகளின் வாயில் புகுந்திருக்கிறது. "நான் ஒரு ஃபூடி" என்று நம் பேத்தி சொல்லும்போது அவள் முகத்தில் நாணம் இல்லை. அதைக் கேட்டு நாம் முகஞ்சுளித்ததுண்டு. இப்போது யோசித்தால், அவள் பாட்டிக்கு எட்டாதிருந்த ஒன்று அச்சொல்லால் அவளுக்கு எட்டியிருக்கிறது.

இங்குதான் நாம் முன்பு குறித்து வைத்த செய்தி வேண்டியிருக்கிறது. சட்டோராவுக்குச் சட்டோரி உண்டு. சாப்பாட்டு ராமனுக்குப் பெண்பால் எங்கே? சாப்பாட்டுச் சீதை என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை. பந்தியில் மூன்றாம் முறை பாயசம் கேட்கும் மாமாவைச் சாப்பாட்டு ராமன் என்று அழைக்கும்போது அதில் ஏளனத்தோடு அன்பும் கலந்திருக்கிறது. பரிமாறுபவர் இன்னும் ஒரு கரண்டி கூடவே இடுவார். அதே ஆர்வத்தை மாமி காட்டினால் வழங்கும் தொடர் வேறு: "அவளுக்கு நாக்கு நாலு முழம்." அதில் சிரிப்பில்லை. சமைத்தவள் கடைசியில் உண்பதே நம் வீடுகளில் முறையாக இருந்தது. கடைசியில் உண்பவளுக்குச் சுவை ஆராய்ச்சிக்கு இடமேது? மிஞ்சிய குழம்பும் அடிப்பிடித்த சோறும் அவள் பங்கு.

குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய தயிர்க்குழம்புப் பாட்டைத் தமிழர் அனைவரும் அறிவர். புதுமணப்பெண் விரலால் தயிரைப் பிசைகிறாள். விரலைத் துடைத்த ஆடையை மாற்றவும் நேரமின்றித் தாளிக்கிறாள். புகை கண்ணில் படிகிறது. கணவன் உண்டு, இனிது என்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. மகளின் மனையறம் கண்டு வந்த செவிலி நற்றாய்க்குச் சொல்லும் இச்செய்தியில் அன்பு முழுமையாக இருக்கிறது. உண்பவனின் ஒரு சொல் சமைத்தவளுக்கு என்ன ஆகிறது என்பதை இதைவிடச் சிறப்பாக எவரும் கூறிவிட முடியாது. ஆனால் அவள் உண்டாளா, அவளுக்கு அது இனிதாக இருந்ததா என்பது பாட்டில் இல்லை. எம் அன்னையாரின் முகம் இலை முன் சுருங்கிய பின்னரே இக்கேள்வி எமக்கு எழுந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

பெண்ணின் நாவுக்கு நம் மரபு வெளிப்படையாக உரிமை தந்தது ஒரே காலத்தில்தான். அது அவள் வயிற்றில் பிள்ளை இருக்கும் காலம். வயா என்று பழந்தமிழில் அதற்குத் தனிச்சொல்லே உண்டு. சேரன் ஒருவனைப் பாடும் புறப்பாட்டில் குறுங்கோழியூர் கிழார், அவன் நாட்டு மண்ணைப் பகைவர் உண்ண இயலாது, வயாவுற்ற மகளிர் உண்டால்தான் உண்டு என்கிறார். பிற்காலத்தில் அது மசக்கை ஆயிற்று. வளைகாப்பு நாளின் புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் தயிர்ச் சாதமும் அந்த உரிமையின் கொண்டாட்டமே. பிள்ளை பிறந்தது முதல் பத்தியம். உரிமையும் அத்தோடு முடிந்தது.

வங்காளத்துப் பெண்ணின் நிலை இதனினும் மேலானது என்று நாம் சொல்ல வரவில்லை. மேற்சாதிக் கைம்பெண்டிருக்கு மீன் விலக்கு, வெங்காயம் விலக்கு, பூண்டு விலக்கு, மசூர்ப் பருப்பும் விலக்கு. இவ்வளவையும் பறித்த பின்னர், காய்களின் தோலையும் தண்டையும் கசகசாவையும் கொண்டு அவர்கள் ஆக்கிய மரக்கறிச் சமையல்தான் இன்று வங்காளியர் பெருமையோடு பேசும் நிராமிஷ். போஜன ரசிக் என்னும் பட்டத்தைப் பெற்ற ஆடவர் பலர் அக்கைம்பெண்டிர் கைச்சமையலை உண்டே பெற்றனர்.

சமையலுக்கு நாம் வைத்த பெயர்களையும் பாருங்கள். நளபாகம், வீமபாகம். இருவரும் அரச குலத்தினர், இருவரும் ஆடவர், இருவரும் துன்பக் காலத்தில் மடைப்பள்ளிக்குள் ஒளிந்து வாழ்ந்தவர். வீமன் விராடன் அரண்மனையில் ஓராண்டு சமைத்தான். நளன் வாகுகன் என்னும் பெயரில் சமைத்தான். நாள்தோறும், ஆயுள் முழுதும் அடுப்படியில் நின்றவள் பெயரால் ஒரு பாகமும் இல்லை. அந்தக் குறையைச் சிறிதேனும் தீர்த்தவர் எஸ்.மீனாட்சி அம்மாள். அவருடைய ‘சமைத்துப் பார்’ 1951-இல் வெளிவந்தது. வெளியூர் சென்ற உறவுப் பெண்கள் கடிதம் எழுதிச் செய்முறை கேட்டுக்கொண்டே இருந்தமையால் எழுந்த நூல் அது. பம்பாய்க்கும் தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் மணமாகி வந்த பெண்கள் பலர் பெட்டியில் பட்டுப்புடவையின் அடியில் வைத்துக் கொண்டுவந்த நூலும் அதுவே. எம் வீட்டுப் படியில் மஞ்சள் கறை படியாத பக்கம் இல்லை. சில பக்க ஓரங்களில் எம் அன்னையார் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார்: ஓரிடத்தில் "புளி கூட", ஓரிடத்தில் "இந்த அளவு சரியில்லை", ஓரிடத்தில் "கடுகெண்ணெயில் செய்தால் வேறு மாதிரி". இவற்றை நாம் அண்மையில்தான் கவனித்தோம். இவை சமையற்காரியின் குறிப்புகளாக மட்டும் எமக்குத் தோன்றவில்லை. உண்டு பார்த்து, நின்று யோசித்தவரின் குறிப்புகளும் ஆகும்.

நளன் கதையை மீண்டும் எடுத்துப் படித்தது அதன் பின்னரே. நளபாகத்தை நாம் இவ்வளவு பேசுகிறோமே, அதனை அறிந்து சொன்னவர் யார்? வாகுகன் என்னும் தேரோட்டி உருமாறிய நளன்தானோ என்று தமயந்திக்கு ஐயம். தோழி கேசினியை அனுப்பி அவன் சமைத்த இறைச்சியில் சிறிது எடுத்து வரச் செய்கிறாள். உருவம் மாறியிருக்கிறது; பெயர் மாறியிருக்கிறது; ஆண்டுகள் கடந்துவிட்டன. அவள் ஒரு வாய் உண்கிறாள். இது நளன் கை என்று அறிந்துவிடுகிறாள். பாரதத்தின் வன பருவத்தில் உள்ள செய்தி இது. ஒரு வாய் உணவில் ஓர் ஆளையே கண்டுபிடித்த நாவுக்கு நிகராக வேறு நாவு நம் கதைகளில் எமக்குத் தெரிந்து இல்லை. சமைத்த நளனுக்குப் பாகம் என்று ஒரு பெயர் கிடைத்தது. சுவைத்து அறிந்த தமயந்திக்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை.

உணவுச் சுவைஞர் என்று சொல்லிப் பார்க்கிறோம். நாவில் சற்றுக் கட்டையாகத்தான் இருக்கிறது. உணவுப் பிரியர் என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன; அதில் விருப்பம் இருக்கிறது, அறிவு இல்லை. சாப்பாட்டு ராமனை விட்டுவிடவும் எமக்கு மனமில்லை. பந்தியில் அவன் இல்லாவிட்டால் பரிமாறுபவருக்கு என்ன மகிழ்ச்சி? அவன் இருக்கட்டும். அவன் பக்கத்து இலையில் அமர்பவருக்கு ஒரு பெயர் வேண்டும். எழுவாயில் ஆண் பெண் இருவருக்கும் பொதுவாக நிற்பதனால், கட்டையாக இருந்தாலும் சுவைஞர் என்பதே இப்போதைக்கு எம் தேர்வு. இதனினும் நல்ல சொல் அறிந்த அன்பர்கள் தெரிவித்தால் ஏற்றுக்கொள்வோம்.

இக்கட்டுரையை எழுதி முடிக்கும் முன், தமயந்தி கதையை அன்னையாருக்குச் சொன்னோம். சுக்தோ அன்று நாம் சொன்ன சொல்லுக்கு ஒரு பரிகாரம் போல அது இருக்கும் என்று எண்ணினோம். கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் முழுதும் கேட்டார். பிறகு, "ஒரு வாய்தானே சாப்பிட்டாள்? மீதியை என்ன செய்தாள்?" என்றார்.

நூலைத் திறந்து பார்த்தோம். தமயந்தி அழுதாள், முகம் கழுவினாள், தன் பிள்ளைகள் இருவரையும் கேசினியோடு வாகுகனிடம் அனுப்பினாள் என்று இருக்கிறது.